ஆசிரியருக்குக் கடிதம்: பிரேஸ் யாருக்கு, எப்போது, எதுவரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்காலில், மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் கட்டிக்கொண்டு இறுதிப் போட்டியில் ஆடி, தன் அணியை வெற்றிபெறச் செய்த ஓர் இளம் வீராங்கனையைப் பாராட்டித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் ஒரு செய்தி வெளிவந்திருந்தது. படத்தில் அந்தக் கறுப்பு பிரேஸ் தெளிவாகத் தெரிந்தது. ‘காயத்தைப் பொருட்படுத்தாமல் களமிறங்கினார்’ என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் அவருக்கு என்ன காயம், அது எப்போது ஏற்பட்டது, அந்த பிரேஸை யார் தேர்ந்தெடுத்தார்கள், ஆடலாம் என்று யார் சொன்னார்கள் என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண்ணின் துணிவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாகக் கொண்டிருப்பவள் நான். அச்செய்தி வெளிவந்த வாரத்தில் மட்டும் மூன்று பெற்றோர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “இதே போல ஒன்று வாங்கிக் கட்டிவிட்டால் எங்கள் பிள்ளையும் ஆடலாம்தானே?” என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பிரேஸ் என்பது, காயம் இன்னதென்று தெரிந்த பிறகு, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கப்படும் சிகிச்சைக் கருவி. பரிசோதனையைத் தவிர்த்துவிட்டுக் களத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டாக அது பயன்படத் தொடங்கும்போதுதான் கேடு விளைகிறது. பிரேஸே வேண்டாம் என்று சொல்பவளல்ல நான். என் சிகிச்சை அறையில் அதை அணிவிக்காத வாரமே கிடையாது.

குழப்பத்தின் ஒரு பகுதி பெயரிலேயே தொடங்குகிறது. கடையில் கிடைக்கும் இழுபடும் துணியாலான ‘நீ கேப்’, நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் உறை, பக்கவாட்டில் உலோகக் கீல் வைத்த கனமான சாதனம், அறுவை சிகிச்சைக்குப் பின் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை பூட்டி வைக்கும் நீண்ட சட்டகம் ஆகிய எல்லாவற்றையும் மக்கள் பிரேஸ் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர்களின் அமைப்பு 1984-லேயே முழங்கால் பிரேஸ்களை, காயம் வராமல் தடுக்க அணிபவை, தளர்ந்துபோன மூட்டுக்கு உறுதி தர அணிபவை, அறுவைக்குப் பிறகான மீட்சிக் காலத்தில் அசைவைக் கட்டுப்படுத்த அணிபவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டியது. இவற்றுள் எதிலும் சேராத வெறும் உறைதான் மைதானங்களில் அதிகம் காணப்படுகிறது. அந்த உறை மூட்டுக்கு இளஞ்சூட்டையும் மென்மையான அழுத்தத்தையும் தருகிறது; கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வைத் தோல் வழியாகச் சற்றுக் கூட்டுகிறது. இவை சிறிய நன்மைகள் என்றாலும் உண்மையானவை. வலி குறைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் பிணைநார் அறுந்துவிட்டால், அதன் வேலையை அந்தத் துணி ஒருபோதும் செய்யாது. வலி குறைந்ததையே மூட்டு உறுதிபெற்றதாக எண்ணிக்கொள்ளும் வீரர் தன் முழங்காலை அதுவரை வைத்ததைவிடப் பெரிய ஆபத்தில் வைக்கிறார்.

பிரேஸுக்கு மிக வலுவான ஆதாரம் இருக்கும் இடம் கணுக்கால். கூடைப்பந்திலும் கைப்பந்திலும் குதித்து இறங்கும்போது இன்னொருவரின் பாதத்தின் மேல் கால் பட்டு, பாதம் உட்பக்கமாக மடங்கி, வெளிப்புறத்துப் பிணைநார்கள் இழுபடுவதுதான் மைதானத்தில் நாம் அடிக்கடி காணும் சுளுக்கு. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்குவதற்கு அந்த முதல் சுளுக்கே முதன்மையான காரணமாகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 46 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 1,460 கூடைப்பந்து வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2011-ல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. கயிறு கட்டி இறுக்கும் வகைக் கணுக்கால் பிரேஸ் அணிந்தவர்களுக்கு, 1,000 முறை பயிற்சியிலோ ஆட்டத்திலோ இறங்கினால் 0.47 என்ற அளவிலும், அணியாதவர்களுக்கு 1.41 என்ற அளவிலும் கணுக்கால் காயங்கள் ஏற்பட்டன. அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஏற்கெனவே சுளுக்கியவர்கள், ஒருமுறையும் சுளுக்காதவர்கள் ஆகிய இரு சாராருக்கும் பலன் இருந்தது. அதே குழுவினர் அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர்களிடம் செய்த ஆய்விலும் காயங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

இந்த ஆய்வுகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. விற்பனை விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. பிரேஸ் அணிந்தவர்களுக்குக் காயங்களின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, காயம் பட்டவர்களுக்கு அதன் கடுமை குறையவில்லை. பிரேஸை மீறிச் சுளுக்கிய கணுக்கால், பிரேஸ் இல்லாமல் சுளுக்கிய கணுக்காலைப் போன்றே நாள்கணக்கில் ஓய்வு கேட்டது. ஆகவே, ‘பிரேஸ் போட்டிருந்ததால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது’ என்று சொல்லி அடிபட்டவரை மீண்டும் களத்துக்கு அனுப்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

கணுக்காலைப் பற்றிப் பேசும்போது பயிற்சியாளர்கள் இரண்டு அச்சங்களைச் சொல்வார்கள். முதலாவது, பிரேஸ் பழகினால் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் சோம்பிப்போகும் என்பது. பல வாரங்கள் தொடர்ந்து கணுக்கால் பிரேஸ் அணிந்து பயிற்சி செய்தவர்களைச் சோதித்தபோது, பாதம் திடீரென மடங்கும்போது அதைத் தடுக்க எழும் வெளிப்புறத் தசையின் எதிர்வினை தாமதமாகவில்லை. அடிபட்டவரின் தசை மெலிவதற்கு, காயத்தால் மூட்டில் ஏற்படும் வீக்கமும், வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருப்பதும், பயிற்சியைக் கைவிடுவதுமே பெரிய காரணங்கள். இரண்டாவது அச்சம், கணுக்காலைக் கட்டினால் விசை மேலேறி முழங்காலைத் தாக்கும் என்பது. நான் குறிப்பிட்ட ஆய்வுகளில் முழங்கால் காயங்கள் பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கூடவில்லை. இந்த இரண்டு அச்சங்களாலும், தேவையுள்ள ஒரு வீரர் பிரேஸ் அணியாமல் இருந்துவிடக் கூடாது.

பயிற்சியும் பிரேஸும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது போலப் பேசப்படுவதும் எனக்கு வருத்தம் தருகிறது. நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிலிருந்து மீண்ட விளையாட்டு வீரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எட்டு வாரச் சமநிலைப் பயிற்சியும், ஒரு குழுவுக்கு ஓராண்டு விளையாடும்போதெல்லாம் பிரேஸும், மூன்றாவது குழுவுக்கு எட்டு வாரம் இரண்டும் கொடுத்து ஓராண்டு கண்காணித்தார்கள். 2014-ல் வெளியான அதன் முடிவின்படி, மீண்டும் சுளுக்கியவர்கள் பயிற்சிக் குழுவில் 27 சதவீதம், பிரேஸ் குழுவில் 15 சதவீதம், இரண்டும் செய்த குழுவில் 19 சதவீதம். பயிற்சி மட்டுமே போதும் என்று நெடுங்காலம் நம்பியிருந்த என்னைப் போன்றவர்களை இந்த எண்கள் மாற்றிக்கொள்ள வைத்தன. எனினும் ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதை நான் விடச் சொல்வதில்லை. பிரேஸைக் கழற்றிய பிறகும், படியிறங்கும்போதும் மேடுபள்ளத்தில் நடக்கும்போதும், அந்தக் காலைத்தானே ஊன்ற வேண்டும்? கணுக்கால் சுளுக்கியவர் விளையாட்டுக்குத் திரும்பிய பின் ஓராண்டாவது ஆட்டத்தின்போது பிரேஸ் அணிய வேண்டும், உடன் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பதே இன்று நான் தரும் அறிவுரை. டேப் ஒட்டுவதும் இதே வேலையைச் செய்யும். ஆனால் நன்கு ஒட்டத் தெரிந்த கை அதற்கு வேண்டும். ஓடத் தொடங்கிய பத்து இருபது நிமிடங்களிலேயே அதன் பிடி கணிசமாகத் தளர்ந்துவிடும். பிரேஸை இடைவேளையில் வீரரே இறுக்கிக்கொள்ளலாம்.

முழங்காலுக்கு வரும்போது இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடிவதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பக்கவாட்டிலிருந்து மோதும் ஆட்டக்காரரால் முழங்காலின் உட்புறப் பிணைநார் கிழிவதைத் தடுக்க, 1980-களில் பெருமளவில் கீல் பிரேஸ்கள் அணிவிக்கப்பட்டன. 1987-ல் வெளியான கல்லூரி அணிகளைப் பற்றிய ஓர் ஆய்வு, பிரேஸ் அணிந்தவர்களுக்கே காயங்கள் அதிகம் என்று காட்டியது. 1990-ல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தின் 1,396 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட, முறையாகக் குலுக்கல் வழியில் பிரிக்கப்பட்ட ஆய்வோ, தடுப்பாட்டக்காரர்களுக்கு அது பயன் தந்தது என்றது. அதே 1990-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, இத்தகைய பக்கவாட்டு பிரேஸ்களை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் உரிய வழக்கமான சாதனமாகக் கருதக் கூடாது என்று அறிவுறுத்தியது. காயமே இல்லாத ஒரு முழங்காலுக்கு, எச்சரிக்கைக்காக என்று சொல்லிக் கீல் வைத்த பிரேஸை இன்று நான் பரிந்துரைப்பதில்லை.

ஏ.சி.எல். என்று எல்லோரும் அறிந்திருக்கும் முன்சிலுவைப் பிணைநார் கிழிவதுதான் விளையாட்டு வீரர்கள் மிகவும் அஞ்சும் காயம். அது பெரும்பாலும் எவரும் மோதாமலே நிகழ்கிறது. வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதோ, திசை மாற்றும்போதோ, குதித்து இறங்கும்போதோ முழங்கால் உள்நோக்கிச் சரிந்து திருகுகிறது. ஒரு நொடிகூட ஆகாது. கீல் பிரேஸ், தொடை எலும்புக்குக் கீழே கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவுவதைக் குறைந்த விசைகளில் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தின் உச்சத்தில் எழும் பெரும் விசைகளுக்கு அந்தத் தடுப்பு ஈடுகொடுப்பதில்லை. இதற்கான காரணம் எளிது. பிரேஸ் எலும்பைப் பிடிப்பதில்லை. தோலையும் கொழுப்பையும் தசையையும்தான் பிடிக்கிறது. அந்த மென்மையான அடுக்குகள் நகர்வதற்குள், உள்ளே எலும்பு நகர்ந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் 19 வயதுக் கால்பந்து வீரர் ஒருவர் என்னிடம் வந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பியதாகவும், முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிட்டதாகவும் சொன்னார். அப்படி விரைவாக வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கும், ஏ.சி.எல். கிழிந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது எனக்குப் பாடமாகச் சொல்லித் தரப்பட்டதுதான். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அவர் நேராக ஓடினார். வலி இல்லை என்றார். மூன்றாவது வாரத்தில் இறுதிப் போட்டி. பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார், அந்த இளைஞரும் கெஞ்சினார். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், ஒரு கீல் பிரேஸை நானே அளவெடுத்து மாட்டி அனுப்பி வைத்தேன். இரண்டாம் பாதியில் பந்தைத் தடுக்கத் திரும்பியபோது முழங்கால் வழுக்கி, உட்புறத்து மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டு கிழிந்து மூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. காலை நீட்டவும் முடியாமல் தூக்கிச் சென்றார்கள். ஏ.சி.எல். மட்டும் கிழிந்திருந்த ஒரு மூட்டு, என் முடிவால் குருத்தெலும்பையும் இழந்தது. அவர் பிறகு போட்டிகளில் ஆடவில்லை. பயிற்சியாளரையோ அந்த இளைஞரையோ நான் குறை சொல்ல மாட்டேன். பிரேஸ் மாட்டிய கை என்னுடையது. பிரேஸ் அணிந்து ஆடியவரைப் புகழும் செய்தியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இளைஞரின் முகமே என் நினைவுக்கு வருகிறது.

ஏ.சி.எல். சீரமைப்பு அறுவைக்குப் பிறகு பிரேஸ் வேண்டுமா என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. அறுவைக்குப் பின் எல்லோருக்கும் வழக்கமாக அணிவிப்பதால் முழங்காலின் உறுதியோ செயல்திறனோ கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பனிச்சறுக்கில் மட்டும் ஒரு விதிவிலக்கு தெரிகிறது. சீரமைப்பு அறுவை செய்துகொண்ட 820 பனிச்சறுக்குத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பிரேஸ் அணியாதவர்கள் மீண்டும் காயமடையும் வாய்ப்பு 2.74 மடங்காக இருந்தது. யார் அணிவது, யார் அணியாதது என்பது அங்கே குலுக்கலில் முடிவாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால், மடக்கும் கோணத்தைச் சில வாரங்களுக்குக் கட்டுப்படுத்த அறுவை மருத்துவர் பிரேஸ் கொடுப்பார். அது வேறு நோக்கம், அதை அவர் சொன்ன நாள்வரை கழற்றக் கூடாது.

பெற்றோரும் பயிற்சியாளர்களும் பிரேஸிடம் உண்மையில் எதிர்பார்ப்பது காலத்தைச் சுருக்கித் தருவதை. அதை அதனால் தர முடியாது. சீரமைப்பு அறுவையில், கிழிந்த பிணைநாருக்குப் பதிலாகப் புதிதாகப் பொருத்தப்பட்ட நார் உயிர்பெற்று, பிணைநாராக மாறி, உறுதிப்பட மாதங்கள் ஆகின்றன. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நடந்து 2016-ல் வெளியான கூட்டாய்வு ஒன்று, அறுவைக்குப் பின் ஒன்பதாவது மாதம்வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. தொடையின் முன்தசை அடிபடாத காலுக்கு நிகராகப் பலம் பெற்ற பிறகு திரும்பியவர்களுக்கும் காயம் குறைவாக இருந்தது. ஆறாவது மாதத்தில் ஒரு பிரேஸைக் கட்டிக்கொள்வதால், அது ஒன்பதாவது மாதம் ஆகிவிடாது.

மற்ற மூட்டுகளைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை என்றாலும், விரலை மட்டும் விட்டுவிட மனமில்லை; அவ்வளவு சிறிய சாதனம், அவ்வளவு பெரிய பயன். பந்து விரல் நுனியில் மோதி, நுனிக்கணு தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியாமல் போனால், நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறது என்று பொருள். நுனிக்கணுவை மட்டும் நேராக வைக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் தாங்கியை ஆறு முதல் எட்டு வாரங்கள் இரவும் பகலும் கழற்றாமல் அணிந்தால், பெரும்பாலோர்க்கு அறுவையே தேவைப்படாது. கழுவுவதற்காகக் கழற்றும்போதும் விரலை மேசைமேல் நேராக அழுத்தி வைத்திருக்க வேண்டும். ஒருமுறை மடங்கிவிட்டாலும் வாரக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘விரல்தானே’ என்று விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. மணிக்கட்டுக் காப்புக்கும் நல்ல சான்று உண்டு. பலகையில் பனிச்சறுக்குபவர்கள் 5,029 பேரைக் கொண்டு நார்வேயில் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பு அணிந்த பாதிப் பேரில் 8 மணிக்கட்டுக் காயங்களும், அணியாத பாதிப் பேரில் 29 காயங்களும் ஏற்பட்டன. டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலிக்குக் கட்டும் பட்டை, வலிக்கும் எலும்பு முனையின் மேல் இருக்கக் கூடாது. அதற்கு இரண்டு விரல் அகலம் கீழே, தசையின் மேல் இருக்க வேண்டும். பாதிப் பேர் அதைத் தவறான இடத்திலேயே கட்டி வருகிறார்கள்.

அளவும் அணியும் முறையும் தவறினால் நல்ல பிரேஸும் பயனற்றது. முழங்கால் சில்லின் நடுவிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. மேலும் கீழும் தொடையையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டியதை, ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று கண்ணளவில் வாங்குகிறார்கள். தொடை மேலே பருத்தும் கீழே சிறுத்தும் இருப்பதால் எந்த முழங்கால் பிரேஸும் ஓட ஓடக் கீழே நழுவும். கீல் மூட்டின் மையத்துக்கு நேராக இல்லாமல் ஓரிரு விரல் கீழே இறங்கிவிட்டால், முழங்கால் ஓர் அச்சிலும் பிரேஸ் வேறோர் அச்சிலும் மடங்கும். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, காலைச் சற்று மடக்கி வைத்து, கீலை மூட்டுக்கு நேராகப் பிடித்தபடி பட்டைகளைக் கட்டி, உடலைச் சூடுபடுத்தும் பயிற்சி முடிந்ததும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். நழுவுகிறதே என்று அளவுக்கு மேல் இறுக்குவது ஆபத்தானது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அதன்மேல் பட்டை அழுந்தினால் புறங்காலில் மரத்துப்போதலும், பாதத்தைத் தூக்க முடியாத நிலையும் ஏற்படலாம். மரத்துப்போவது, விரல்கள் நிறம் மாறுவது, நியோபிரீன் பட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் வருவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே கழற்ற வேண்டும்.

விதிகளையும் மறக்கக் கூடாது. கால்பந்தில், மற்றவருக்கு ஆபத்து விளைவிக்காத, மென்மையான, எடை குறைந்த காப்புகளுக்கே அனுமதி உண்டு. இறுதி முடிவு நடுவருடையது. பன்னாட்டுக் கூடைப்பந்து விதிகள் முழங்கால் பிரேஸை அனுமதிக்கின்றன. ஆனால் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றில் உலோகமோ கடினமான பிளாஸ்டிக்கோ கொண்ட காப்புகளை, மேலே பஞ்சு வைத்து மூடியிருந்தாலும் அனுமதிப்பதில்லை. போட்டி நாளன்று காலையில் இதைத் தெரிந்துகொண்டு கண்ணீரோடு வெளியே அமர்ந்த சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வளரும் பிள்ளைகளின் விஷயத்தில் நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். அவர்களுடைய எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, அதைச் சுற்றியுள்ள பிணைநாரைவிட வலுக் குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்கு உண்டாக்கும் அதே திருகல், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டில் முறிவை உண்டாக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். பெரியவர்களிடமும் கணுக்கால் சுளுக்கு என்று முடிவுகட்டுமுன் பார்க்க வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. 1992-ல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபக்க எலும்பு முட்டுகளின் பின்விளிம்பில் அழுத்தினால் எலும்பு வலித்தாலோ, அடிபட்ட உடனும் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். நான்கு அடி நடக்க முடியாத ஒருவருக்குக் கடையில் வாங்கிய பிரேஸை மாட்டி வீட்டுக்கு அனுப்புவது, முறிந்த எலும்பை மூடி வைப்பதாக முடியலாம்.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது பெரிதல்ல. காயத்தோடு ஆடிய வீரரைப் பற்றி எழுதும்போது, அந்தக் காயம் என்ன, பரிசோதித்தவர் யார், பிரேஸ் எந்த நோக்கத்துக்காக, எத்தனை நாளுக்குக் கொடுக்கப்பட்டது என்று செய்தியாளர் கேட்டு, விடையை இரண்டு வரியில் சேர்க்க வேண்டும். அந்த வீராங்கனைக்கும் முறையான பரிசோதனையும் சிகிச்சையும் நடந்திருக்கலாம். அப்படியானால் அதை எழுதியிருந்தால் அவருக்கும் பெருமை, படிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. அதைப் போலவே, காயம் ஆறும்வரை இறுதிப் போட்டியை விட்டுக்கொடுத்து வெளியே அமர்ந்த வீரர்களைப் பற்றியும் எழுதுங்கள். ஒன்பது மாதம் தினமும் தனியாகப் பயிற்சி செய்து திரும்பி வருபவரின் உழைப்பு, ஒரு மாலையில் வலியைப் பொறுத்துக்கொள்வதைவிடக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

முதலில் குறிப்பிட்ட மூன்று பெற்றோரில் இருவர் தம் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். ஒருத்திக்கு ஓராண்டில் இரண்டு முறை வலக் கணுக்கால் சுளுக்கியிருந்தது. கயிறு கட்டும் பிரேஸ் ஒன்றை அளவெடுத்துக் கொடுத்தேன்; சமநிலைப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறாள். மற்றவளுக்கு 13 வயது; முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாண் வந்து எலும்பில் சேரும் வளரும் முனையில் வலி. அவளுக்கு பிரேஸ் கொடுக்கவில்லை. வாரத்தில் குதிக்கும் பயிற்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, தொடைத் தசைகளுக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தோம். மூன்றாமவரின் மகன், ஓடும்போது திரும்பியதில் முழங்காலுக்குள் சத்தம் கேட்டதாகவும் அன்று மாலைக்குள் வீங்கியதாகவும் சொன்னானாம். அழைத்து வருகிறேன் என்று சொன்ன அந்தத் தந்தை இன்னும் வரவில்லை. அவர் தங்கள் நாளிதழைத் தவறாமல் படிப்பவர். இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால் அவர் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
விளையாட்டுக் காயங்களுக்கான இயன்முறை மருத்துவர்